சம்பந்தி வீட்டுக்குப் போன கோழிகள்

அப்பாவுவைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது, மனுஷன் வாயைத் திறந்தால் பொய். கல்யாணத் தரகர் என்பதால் அதைத் தொழில் என்று சொல்லிக்கொள்வார். ஆந்திராவில் வடமாலபேட்டையிலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் நொச்சிக்கண்டிகைதான் அவர் ஊர். புத்தூர், நகரி, சத்தியவேடு, சித்தூர் என்று முப்பது வருஷமாகப் பெண்ணுக்கு மாப்பிள்ளையும் மாப்பிள்ளைக்குப் பெண்ணும் தேடிக் கொடுக்கிறார். அவர் வாயில் முப்பத்தாறு வயது இருபத்தொன்பதாகும். வழுக்கை, ‘நெத்தி கொஞ்சம் அகலம்’ ஆகும். குடிகாரன், ‘நாலு பேரோட பழகுற புள்ள’ ஆவான்.

இதெல்லாம் நான் கேள்விப்பட்டு எழுதுவதல்ல. என் கல்யாணத்தையும் அவர்தான் முடித்தார். எங்கள் வீட்டில், மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை என்றார். சுரேஷ்பாபு வேலை பார்த்தது கம்ப்யூட்டர் வைக்கிற பையை விற்கும் கடையில். அவர்கள் வீட்டில் பெண் டாக்டர் என்றார். நான் கிராமத்துக் கால்நடை உதவியாளர். ஆட்டுக்கு ஊசி போடுவேன், கோழிக்குச் சொட்டு மருந்து விடுவேன், மேலே இருக்கிற டாக்டர் சொன்னதைச் செய்வேன். கல்யாணமான மூன்றாம் நாள் இரண்டு பேருக்கும் விஷயம் தெரிந்தது. யார் முதலில் சண்டையை ஆரம்பிப்பது என்று தெரியாமல் இரண்டு பேருமே சும்மா இருந்துவிட்டோம். இன்றுவரை அப்படியேதான் குடும்பம் நடக்கிறது.

ஆனால் அவர் சொன்ன பொய்களில் பெரியதை வெளியாளுக்குச் சொல்லவில்லை. தன் ஒரே பெண் தரணிக்குச் சொன்னார். குடிபாலாவில் ஒரு வரன், பெயர் பரணி, சொந்த லாரி என்று வேறொரு தரகர் சொன்னதை அப்படியே கொண்டுவந்து வைத்தார். “நேர்ல பாத்தியா நைனா?” என்று தரணி கேட்டாள். “பாத்தேன். லாரிய தொட்டே பாத்தேன்” என்றார். அவர் போகவே இல்லை. அந்த வாரம் அவருக்குக் கைநிறைய முகூர்த்தம். பரணி லாரியில் போவது நிஜம்தான். வேறொருத்தர் ஓட்டுவார், இவர் பக்கத்தில் உட்கார்ந்து தூங்குவார். கொஞ்ச நாளில் அதற்கும் போகாமல் வீட்டிலேயே தூங்க ஆரம்பித்தார்.

தரணி கொஞ்ச நாள் அழுதாள். அப்புறம் அழுவதை விட்டுவிட்டு நாலு நாட்டுக்கோழி வாங்கினாள். ஆறு வருஷத்தில் அது நூற்று எண்பது கோழியானது. வேலூரிலிருந்து ஆள் வந்து எடுத்துப் போகிறார்கள். இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதும், வீட்டில் உலை கொதிப்பதும், பரணி நிம்மதியாகத் தூங்குவதும் அந்தக் கோழிகளால்தான். தகப்பனிடம் அவள் சண்டை போட்டதே இல்லை. அவர் என்ன சொன்னாலும் “சரி நைனா” என்பாள். அந்த ‘சரி’யைக் கேட்டாலே அவருக்கு முகம் சுண்டிப்போகும்.

போன மாசியில் எங்கள் ஊரில் கோழிகள் சாக ஆரம்பித்தன. திங்கட்கிழமை ஏரிக்கரைத் தெருவில் ஆறு. மறுநாள் முப்பது. கொண்டை கறுத்து, தலை வீங்கி, நின்ற இடத்திலேயே சரிந்தன. நான் ரமணா சாருக்குப் போன் செய்தேன். அவர்தான் எங்கள் கால்நடை டாக்டர். தெலுங்குக்காரர், தமிழ் புரியும், கோபம் வந்தால் இரண்டு மொழியும் கலந்து வரும். புதன்கிழமை வந்து மாதிரி எடுத்து போபால் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை ஊரிலிருந்து ஒரு கோழியும் வெளியே போகக்கூடாது, வெளியிலிருந்து ஒன்றும் உள்ளே வரக்கூடாது, செத்ததைக் கையால் தொடக்கூடாது, ஏரியில் வீசக்கூடாது, சுண்ணாம்பு போட்டு ஆழப் புதைக்க வேண்டும் என்று மைக் வைத்துச் சொன்னோம். ஊர் முழுக்கத் தலையாட்டியது. தலையாட்டியபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் யாரும் ஒரு விஷயத்தை அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

சனிக்கிழமை முடிவு வந்தது. பறவைக் காய்ச்சல்தான். ஊரில் இருக்கிற கோழி எல்லாவற்றையும் அழிக்க வேண்டும் என்று உத்தரவு. ஞாயிறு காலை வெள்ளை உடை, கண்ணாடி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு இறங்கினோம். புதன்கிழமை நானே வீடு வீடாகப் போய் எண்ணியிருந்தேன். செத்தது போக நானூற்று நாற்பது இருக்க வேண்டும். இருந்தது முந்நூற்று அறுபது. எண்பது கோழியைக் காணோம்.

கேட்டால் ஆளுக்கொரு கதை. நரி பிடித்துவிட்டது. கீரி பிடித்துவிட்டது. ஒரு வீட்டில், “துன்னுட்டோம்” என்றார்கள்.

“நாலு நாள்ல பதினோரு கோழியா?”

“பசங்களுக்கு லீவு” என்றது அந்தம்மா.

ரமணா சார் முகமூடிக்குள்ளேயே எதையோ திட்டினார். எனக்குக் காதில் விழுந்தது, எழுத முடியாது.

கோழி எங்கே போயிருக்கும் என்பது எனக்குச் சட்டென்று தோன்றவில்லை. எனக்கு என் மேலேயே எரிச்சல். இந்தப் பக்கம் பிறந்தவளுக்கு அது தெரியாமல் இருக்கக்கூடாது. எங்கள் ஊரில் கோழிக்குச் சீக்கு வந்தால், நன்றாக இருக்கிற சிலதைப் பொறுக்கிக் கட்டிக்கொடுத்த பெண் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சீக்கு போன பிறகு அதிலிருந்து மறுபடி குஞ்சு இறக்கிக்கொள்ளலாம் என்பது கணக்கு. சாதாரணச் சீக்கிலேயே அது தப்பு. இந்தச் சீக்கில், நன்றாக இருப்பதாகத் தெரிகிற கோழி இரண்டு நாளில் ஒரு தெருவையே காலி செய்யும். வியாழக்கிழமை பஸ்ஸில் கண்டக்டர் கூடைகளைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்ததைக் கேட்டேன். தயிர்க்கூடை என்று நினைத்துவிட்டேன். தயிர் எங்கேயாவது கொக்கரிக்குமா? என் காதை என்ன சொல்ல?

ஆக, எண்பது கோழியும் சம்பந்தி வீடுகளில் இருக்கின்றன. எந்தெந்த ஊர்? யார் யார் பெண்ணை எங்கே கொடுத்தார்கள்? இதற்கு அரசாங்கத்தில் பதிவேடு கிடையாது. அப்பாவுதான் பதிவேடு.

உடையைக் கழற்றி, குளித்துவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அன்று காலை ஊரை அடைத்துவிட்டதால் வெளியே போக முடியாமல் போனில் யாருக்கோ ஜாதகத்தைத் திருத்திக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“அது நம்ம வாயால வராதும்மா” என்றார். “யாரு எங்க குடுத்தாங்க, எவ்ளோ போட்டாங்க, யாரு யாரோட பேசறதில்ல, எல்லாம் நம்ம வயித்துல கீது. அத வெளிய உட்டா நாளைக்கி எந்த ஊட்டுல எனக்கு காபி குடுப்பான்?”

“கோழி எங்க போச்சின்னு மட்டும் சொல்லுங்க மாமா. அவங்க சண்டை எனக்கு எதுக்கு?”

“சண்டை இல்லாம சம்பந்தி ஏது?”

எனக்குக் கோபம் வந்தது. “இது புத்தூரு, நகரின்னு போய்க்கினே இருக்கும். அப்பால சித்தூரு. குடிபாலாவுல தரணி அக்கா நூத்தி எம்பது கோழி வெச்சிக்கினு கீதில்ல? ஒரு கோழி உள்ள போனா அத்தனையும் போச்சி. அதுக்கப்புறம் இன்னா வெச்சி குடும்பம் நடத்தும்? உங்க மாப்பிள்ள தூங்குறத வெச்சா?”

அவர் முகம் மாறியது. மகளை நினைத்துப் பயந்துவிட்டார் என்று நினைத்தேன். அது பாதிதான் சரி என்று அப்போது எனக்குத் தெரியாது.

“எழுதிக்க” என்றார்.

கண்ணை மூடிக்கொண்டு தெருவின் முதல் வீட்டிலிருந்து சொல்லிக்கொண்டே வந்தார். பெரிய பெண் புத்தூர், சின்னப் பெண் ஏகாம்பரகுப்பம். இந்த வீட்டுக்காரன் மச்சினிச்சியைக் கொடுத்தது சத்தியவேடு. எதிர் வீட்டுப் பெண் சந்திரகிரி, ஆனால் அங்கே இடமில்லை, அதனால் கோழி நாத்தனார் வீட்டுக்குத்தான் போயிருக்கும். இருபத்து மூன்று வீடுகள். ஒரு தாளைப் பார்க்கவில்லை. பொய் சொல்கிறவருக்கு ஞாபகம் நன்றாக இருக்க வேண்டும் என்பது உண்மைதான் போலிருக்கிறது.

முதல் இரண்டு வீட்டுக்கு அவரே போன் செய்தார். அதில்தான் வேடிக்கை. நகரியில் ஒருத்தர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நீ சீக்குன்னு சொல்றீன்னா கோழி நல்லா கீதுன்னு அர்த்தம்” என்று வைத்துவிட்டார். இரண்டாவது வீட்டில், “எங்க கோழிய யாருக்கு பேசி முடிச்சிக்கினு கீற?” என்று கேட்டார்கள். முப்பது வருஷத்தில் முதல்முறையாக மனுஷன் உண்மையைச் சொல்கிறார், வாங்கிக்கொள்ள ஆளில்லை. நான் போனைப் பிடுங்கிக்கொண்டேன்.

ஆனால் யாரிடம் கேட்க வேண்டும் என்பதை அவர்தான் சொன்னார். அதில் அவரை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது.

“புத்தூர்ல மாமியாகாரிகிட்ட கேக்காத. அந்தம்மா மூச்சு உடாது. சின்ன மருமவகிட்ட கேளு. மாமியார மாட்டி உடறதுக்கு நாலு வருஷமா காத்துக்கினு கீது.”

சின்ன மருமகள் முழுசாகச் சொன்னாள். மூன்று கோழி, ஒரு சேவல், சிவப்புக் கூடையில் வந்தது, இப்போது மாடிப்படிக்குக் கீழே வீட்டுக் கூண்டில்.

“சத்தியவேடுல மாப்பிள்ளைக்கே பண்ணு. பண்டிகைக்கு பைக்கு தரன்னாங்க, கோழி அனுப்பி கீறாங்க. அவன் அத மூஞ்சால பாக்க மாட்டான்.”

மாப்பிள்ளை, “எடுத்துக்கினு போங்க மேடம், கூடவே எங்க மாமனாரையும் எடுத்துக்கினு போங்க” என்றார்.

“நகரிக்கு மறுபடி பண்ணு. அங்க பையனோட அக்கா ஒருத்தி ஊட்டோட கீறா. கோழி எந்தப் பக்கம் பாத்துக்கினு நிக்குதுன்னுகூட சொல்லுவா.”

சொன்னாள். சாயந்திரம் குழம்பு வைப்பதாக இருந்தார்களாம், மசாலா அரைத்தாகிவிட்டது என்றாள். அதைத் தொடாதீர்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பிள்ளைகளைக் கோழிப்பக்கம் விடாதீர்கள் என்று நான் கத்திக்கொண்டிருந்தேன். அரைத்த மசாலாவை என்ன செய்வது என்று கேட்டாள். உருளைக்கிழங்கு போடச் சொன்னேன்.

மதியம் ரமணா சாரும் வந்து உடையைக் கழற்றி, குளித்து, வேறு சட்டை போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். நான் ஒவ்வொரு வீடாகச் சொல்லச் சொல்ல, அந்தந்த மண்டலத்துக் கால்நடை ஆட்களுக்குப் போன் போட்டார். எல்லா வீட்டிலும் அவர் கேட்டது ஒரே கேள்வி. போன கோழி மற்றக் கோழிகளோடு கலந்ததா, இல்லையா? கலந்து மேய்ந்து, ஒரே சட்டியில் தண்ணீர் குடித்திருந்தால் அந்த வீட்டுக் கோழி அத்தனையும் போகும். தனியாக இருந்திருந்தால் வந்ததை மட்டும் எடுத்துவிட்டு மற்றதைக் கண்காணிப்பில் வைக்கலாம்.

இருபத்து மூன்று வீட்டிலும் கலந்திருந்தது. சம்பந்தி வீட்டிலிருந்து வந்த கோழியைத் தனியாக அடைத்தால் நாளைக்கு அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று மரியாதையாக நடுக்கூண்டில் விட்டிருந்தார்கள். ஒரு வீட்டில் அதற்கு மட்டும் அரிசி போட்டிருந்தார்கள். மனுஷ சம்பந்திக்கே அந்த வீட்டில் இவ்வளவு உபசாரம் நடந்ததில்லை என்று அப்பாவு சொன்னார்.

கடைசி வீட்டுக்கும் போன் அடித்துவிட்டு நான் தாளை மடித்தேன். “இருபத்தி மூணு. முடிஞ்சிது சார்.”

“இருபத்தி நாலு” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அப்பாவுவின் மனைவி ரத்தினம்மா கதவோரம் வந்து நின்றார். “அந்த ஆளு சொல்லமாட்டாரு. நான் சொல்றேன். வியாழக்கெழம நம்ம செவல சேவல பையில போட்டுக்கினு குடிபாலா போய் குடுத்துட்டு வந்தாரு.”

மூன்று நாள். நூற்று எண்பது கோழி. காலையிலிருந்து மனுஷன் ஊர்ச் சம்பந்திகளை எல்லாம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார், தன் வீட்டை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிவிட்டார்.

“மாமா, நீங்கல்லாம் மனுஷனா?” என்றேன். வயசுக்கு மரியாதை கொடுக்கவில்லை. கொடுக்கத் தோன்றவுமில்லை.

“அது சீக்கு கோழி இல்லம்மா” என்றார். காலையிலிருந்து ஊரே சொன்ன அதே வார்த்தை. “நல்லா இருந்துச்சி. தெருவுலயே அதுமாதிரி சேவல் இல்ல.”

“எதுக்குக் கொண்டுபோனீங்க? காப்பாத்தி வெக்கவா?”

“காப்பாத்த இல்ல.” போனை மடியில் வைத்தார். “அந்தப் பொண்ணுக்கு நான் குடுத்தது எதுவும் சரியில்ல. அது ஒனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். இது ஒண்ணு நல்லதா குடுப்போம்னு பாத்தேன். கேக்காமயே எடுத்துக்கினு போனேன். ‘சரி நைனா’ன்னு வாங்கிக்கினா.”

எனக்குத் திட்டுவதற்கு நிறைய இருந்தது. அந்த ஆளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, ஓங்கி ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது.

“நீங்களே போன் பண்ணுங்க” என்றேன்.

போனை எடுத்தார். மகள் பெயர் வரை வந்தார். கட்டைவிரல் அதற்கு மேல் நகரவில்லை. “ஆளுங்க வந்து நூத்தி எம்பதையும் சாக்குல போட்டுக்கினு போவாங்க. அப்ப நான் இன்னான்னு சொல்றது? இதுவும் எங்க நைனா அனுப்பினதுதான்னு நெனைக்கும். நெனைக்கிறது சரிதானே? நான் எப்படிம்மா பேசுவேன்?”

கடைசியில் என் போனிலிருந்தே அடித்தேன். ரமணா சாரும் கேட்க வேண்டுமென்று ஸ்பீக்கரில் போட்டேன். அப்பாவு எழுந்து போவார் என்று பார்த்தேன், போகவில்லை. ரத்தினம்மா அங்கேயே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அக்கா, நான் ஹரிதா. டாக்டர் சார் பக்கத்துல கீறாரு. வியாழக்கெழம உங்க வீட்டுக்கு ஒரு சேவல் வந்துச்சில்ல?”

“வந்துச்சி. செவல சேவலு.” பின்னால் கோழிகளின் சத்தம் கேட்டது. நிறையக் கோழிகள். “ஊர்ல சீக்குன்னு காலைலதான் கேட்டேன். நானே ஒனக்கு பண்ணலாம்னு இருந்தேன்.”

ரமணா சார் போனுக்குக் கிட்டே குனிந்தார். அவர் குரல் மெதுவாகத்தான் வந்தது. “அம்மா, அந்த சேவல் மத்த கோழியோட கலந்துச்சா?”

“இல்ல சார்.”

“சரியா சொல்லு. ஒரே தண்ணி? ஒரே தீனி?”

“இல்ல சார். கொட்டாய்க்குள்ளயே உடல. பின்னால தோட்டத்து மூலையில, பம்பு செட்டு ரூம்ல தனியா கட்டி வெச்சிகீறேன். அதுக்கு சட்டி வேற. அதுக்கு கடைசியாதான் தீனி போடுவேன். போட்டுட்டு கை கால் கழுவி, செருப்ப அங்கயே உட்டுட்டு வருவேன். நல்லா துன்னுக்கினுதான் கீது. ஆனா உள்ள உடல.”

சார் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன். இருபத்து மூன்று வீட்டில் ஒருத்தர்கூடச் செய்யாததை இவள் ஒருத்தி செய்திருக்கிறாள்.

“சேவல மட்டும் எடுத்துக்கறோம்மா” என்றார் சார். “இன்னிக்கே சித்தூர்லேருந்து ஆள் வரும். அது வரைக்கும் அந்த ரூம் பக்கமே போகாத. மத்தது இருக்கட்டும். மாதிரி எடுப்போம், மூணு வாரம் வந்து வந்து பாப்போம், ஒரு கோழியும் விக்கக்கூடாது. அவ்ளோதான்.”

“நூத்தி எம்பதும் நிக்குமா சார்?”

“நிக்கும்னுதான் நெனைக்கறேன்.”

அந்தப் பக்கம் அவள் மூச்சை விட்டது இங்கே கேட்டது.

சாருக்கு ஆச்சரியம் அடங்கவில்லை. ஊர் ஊராக மைக் வைத்துக் கத்தியும் நடக்காதது எப்படி நடந்தது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். “இதி நீக்கு எவரு நேர்ப்பிஞ்சாரு, யாரு கத்துக்குடுத்தாங்க? டிரெய்னிங் போனியா? ஆபீஸ்லேருந்து யாராவது வந்து சொன்னாங்களா?”

“யாரும் வர்ல சார்.” தரணி சாதாரணமாகத்தான் சொன்னாள். தகப்பன் கேட்டுக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியாது. “எங்க நைனா எது குடுத்தாலும் நான் பதினஞ்சி நாளு வெளிய வெச்சி பாத்துட்டுதான் உள்ள எடுப்பேன். ஒரே ஒரு தடவ பாக்காம எடுத்துட்டேன். அது உள்ள தூங்கிக்கினு கீது.”

போனை நான் வைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. ரமணா சார் எதையோ மறந்தவர் மாதிரி எழுந்து ஜீப் பக்கம் போனார். ரத்தினம்மா உள்ளே போய்விட்டார்.

அப்பாவு நாற்காலியை விட்டு எழவில்லை. அவர் அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, துண்டால் துடைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளைகள் அழுகிற மாதிரிச் சத்தமாக அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“கேட்டியாம்மா” என்றார். “என்ன நம்பல. அதான் எம் பொண்ணு பொழச்சிக்கினா.”